சாங்ஷன் ஆன வேலை

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு தக் மிரான் யார்டுக்குத் திரும்பியபோது வெல்டிங் பட்டறையில் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. பூசானின் யோங்டோ தீவில் கப்பல்களைப் பழுதுபார்க்கும் அந்த யார்டுக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர். பாதி உதடு மரத்துக் கிடந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். மானேஜர் சியோன் விட்டால்தானே? ஃபோன் மேல் ஃபோன்.

தன் அறையில் அவள் உட்காரும் முன்பே அவர் ஆரம்பித்தார். "வெல்டிங் போங் மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பிட்டேன். அவரு ஆளுங்களையும்தான்."

"ஏன்?"

"என்னைக் கேக்காம கப்பலோட அடித்தகட்டை வெட்டி மாத்தினாருல்ல, அதுக்குக் கப்பல் முதலாளி தடை போட்டுட்டாரு. நீங்களே பாருங்க."

முதலாளியின் ஆளாக வந்திருந்த வயதான ஆங்கிலேயர் ஹாடோவின் மெயில் அது. இரண்டே வரி. விரிசல் விட்ட தகட்டை மாற்றிய வேலையை முதலாளி சாங்ஷன் செய்துவிட்டார். அந்த வேலையில் ஓவர்சைட் எதுவும் இல்லை.

மிரான் கண்ணை மூடித் திறந்தாள். "சார், இங்க சாங்ஷன்னா அனுமதி. முதலாளி சரின்னு சொல்லிட்டாரு."

"விளையாடுறீங்களா மேடம்? வட கொரியாக்காரன் ஏவுகணை விடுறப்பெல்லாம் நியூஸ்ல சாங்ஷன் சாங்ஷன்னு கத்துறாங்களே, அதுவும் அனுமதியா?"

"அது தடை. இது அனுமதி."

"ஒரே வார்த்தைதானே?"

"ஒரே வார்த்தைதான்."

"ஊசி போட்ட வாயால உளறாதீங்க."

ஆனாலும் ஃபோனில் தேடிப் பார்த்தார். இரண்டு அர்த்தமும் அடுத்தடுத்து இருந்தன. பிடரியைச் சொறிந்துகொண்டார். "குடுக்கிறதுக்கும் அடிக்கிறதுக்கும் ஒரே வார்த்தையை வச்சுக்கிட்டு இவனுங்க எப்படித்தான் கப்பல் ஓட்டினானுங்களோ! சரி, அடுத்த வரி நல்லதுதானே? ஓவர்சைட் இல்லைன்னா, தப்பு எதுவும் நடக்கலைன்னு அர்த்தம். மேலிடத்துக்கு அப்படியே எழுதி அனுப்பிடுங்க."

அப்படியே எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அகராதியும் அதைத் தப்பென்று சொல்லாது. இத்தனை வருஷமாக இரண்டு பக்கத்துக் கோபமும் அவள் வாய் வழியாகத்தான் போய் வந்தது. திட்டு மட்டும் அவளுக்கு. ஆனால் முந்தின நாள் கப்பலுக்கு அடியில் நின்று ஹாடோ அவளிடம் கேட்டது காதிலேயே இருந்தது. உள்ளே நெருப்போடு ஆட்கள் இருக்கிறார்களே, மேற்பார்வைக்கு யார்? அவள் இந்த அறைக்குத்தான் ஃபோன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

"சார், அந்த வார்த்தைக்கும் ரெண்டு அர்த்தம்," என்றாள். "கவனப் பிசகுன்னும் சொல்லலாம், மேற்பார்வைன்னும் சொல்லலாம். அவர் சொல்றது, மேற்பார்வைக்கு ஆள் இல்லைன்னு."

சியோனின் காது மடல் சிவந்தது. "எனக்குச் சாதகமா ஒரு வார்த்தைகூட உங்க வாயில வராதா?"

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. ஹாடோவை ஃபோனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டு, என்ன அர்த்தத்தில் எழுதினீர்கள் என்று கேட்டாள். கிழவர் சுற்றி வளைக்கவில்லை. அந்த வெல்டர்கள் நல்ல வேலைக்காரர்கள். ஆனால் பக்கத்தில் நோபடி, நோபடி என்று இரண்டு முறை சொன்னார். அதை மிரான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

யார்டு வாசலிலிருந்த பன்றிக்கறி சூப் கடையில் போங்கும் அவர் ஆட்களும் சோஜு பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சியோன் மிரானோடு உள்ளே போனார்.

"சாப்பிட்டாச்சா மேஸ்திரி?"

"வெளிய போன்னு துரத்திட்டு, சாப்பாடு விசாரிக்க வந்தீங்களாக்கும்?"

சியோன் பழக்க தோஷத்தில் மிரானைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் கொரிய மொழிதானே சார்," என்றாள் அவள். "இதுக்கு நான் எதுக்கு?"

போங் சிரித்துவிட்டார். "தங்கச்சி, நீயாவது உக்காரும்மா."

சியோன் தொப்பியைக் கழற்றினார். "மெயிலைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். முதலாளி சரின்னுதான் எழுதியிருக்காரு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க. வாங்க, வேலைக்குப் போகலாம்."

"இப்ப முடியாது, குடிச்சிருக்கோம். நாளைக்கு வர்றோம். வந்தா, பக்கத்துல வந்து நிப்பீங்களா?"

"நிக்கிறேன்."

ஒருத்தன் அவருக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டான். அவர்கள் பேச ஆரம்பித்ததும் மிரான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். வந்த பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருடைய பேச்சும் காதில் விழாதது போல வெளியே பார்த்தபடி நின்றாள்.