வெளிவிட்டம் இருபத்து நான்கு அடி

11 டிசம்பர் 2025, வியாழன்.

இன்று கண்டுபிடித்த பிழை: தொட்டியின் வெளிவிட்டத்தை அளந்து சோலார் கவர் வாங்கச் சொல்லிவிட்டேன். இருபத்து நான்கு அடி. தண்ணீர் நிற்பதோ உள்விட்டத்தில், இருபத்திரண்டரை அடி. சுவரின் கனத்தைக் கழிக்கவில்லை. அளந்தது நான்தான். தண்ணீர்: காலை 22 டிகிரி, மாலை 23.

இதை எழுதிவிட்டு, 'பிழை' என்பதற்கு முன்னால் 'சிறிய' என்று சேர்க்கலாமா என்று மௌனிகா கொஞ்ச நேரம் யோசித்தாள். சேர்க்கவில்லை. பகலில் சிங்காநல்லூரில் ஒரு பம்பு பட்டறையில் வேலை, மாலையில் பாலிடெக்னிக் வகுப்பு. பட்டறையில் அவள் கைக்கு வருவதெல்லாம் ஷாஃப்ட், பம்பைச் சுழற்றும் உருட்டுத் தண்டு. ஷாஃப்டுக்கு வெளிவிட்டம்தான் எல்லாம். அந்தக் கைப்பழக்கம் நீச்சல் தொட்டியிலும் வந்து நின்றுவிட்டது.

தொட்டி, அவள் மாடியில் குடியிருக்கும் வீட்டின் கொல்லைப்புறத்தில் இருந்தது. வீட்டுக்காரர் பாலுசாமி ஒரு காலத்தில் தென்னைக்குத் தண்ணீர் தேக்கிய பெரிய வட்டத் தொட்டி. சொட்டுநீர்க் குழாய் வந்த பிறகு சும்மா கிடந்ததை அவர் மனைவி, மௌனிகா அத்தை என்று கூப்பிடும் சாந்தாமணி, நீல டைல்ஸ் ஒட்டி நீச்சல் குளமாக்கிக்கொண்டார். நாற்பத்தெட்டு வயதில் நீந்தப் பழகினார். பழக்கிவிட்டது பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் உம்மல் குல்சும். பவானிக்காரி, ஆற்றில் நீந்தி வளர்ந்தவள்.

சாந்தாமணியால் தொட்டியின் நடுவரைக்கும் போக முடிந்தது. நடுவில் கால் தானாகத் தரையைத் தேடும், நின்றுவிடுவார். அதற்குள் பனி வந்துவிட்டது. தண்ணீரில் கால் வைத்தால் பல் கிட்டியது. போன வருஷமும் இப்படித்தான், குளிருக்குப் பயந்து இரண்டு மாதம் விட்டார். திரும்ப இறங்கியபோது படித்ததெல்லாம் போய், பழைய பயம் முழுசாக வந்து உட்கார்ந்திருந்தது. "இந்தத் தடவையும் உட்டா, இனி எறங்கவே மாட்டேன் அம்மணி" என்றார் மௌனிகாவிடம். அப்போதுதான் மௌனிகா இந்தக் கவரைப் பற்றிச் சொன்னாள். ஒரு பக்கம் முழுக்கக் காற்றுக் குமிழ்கள் வைத்த நீலப் பிளாஸ்டிக் விரிப்பு. தண்ணீர்மேல் மிதக்கவிட்டால் வெயிலின் சூட்டை உள்ளே வாங்கும், இரவில் வெளியே விடாது.

வந்த கவர் சுவருக்கு மேல் ஏறிக்கொண்டு நின்றது. அடியில் காற்று புகுந்து பொம்மென்று உப்பியது. காலையில் அதை எடுப்பதற்குள் சாந்தாமணியும் மௌனிகாவும் திண்டாடிப் போனார்கள். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் முழுகியது. கடைசியில் மாட்டுக்குத் தீனி போட வந்த இரண்டு ஆட்கள் வந்து தூக்கினார்கள்.

பாலுசாமி காப்பி டம்ளரோடு வேடிக்கை பார்த்தார். "ஏம்மா மௌனிகா, இது கவரா, பாராசூட்டா? காத்தடிச்சா உங்க அத்தையத் தூக்கிட்டு சூலூர் ஏர்போர்ஸுக்குப் போயிருமாட்ட இருக்குது."

"சிரிங்க, சிரிங்க" என்றார் சாந்தாமணி.

"தெனமும் ரெண்டு ஆளு வேலைய உட்டுப்போட்டு இங்க வர முடியாது பாத்துக்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுப்பேன். நீங்க ரெண்டு பேருமே எடுத்துப்போட்டா இருக்கட்டும். இல்லீன்னா சோளத்தட்டுப் போருக்கு மூடிப்போடுவேன். அதாச்சும் நனையாம இருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை குல்சும் கழுத்தில் அளவு டேப்போடு வந்தாள். மௌனிகா நோட்டைத் திறந்து, படம் போட்டு வைத்திருந்த தன் பிழையை ஒன்றுவிடாமல் காட்டினாள்.

குல்சும் சிரித்துவிட்டாள். "ஒன்றரை அடி கூடுதல். இதுக்கா இந்த மொகம்? கொறஞ்சிருந்தா நானும் சேந்து அழுதிருப்பேன். கூடுனா வெட்டுனாத் தீந்துச்சு."

"மறுபடியும் தப்பா வெட்டிட்டா என்னுங்க்கா பண்றது?"

"இன்னொண்ணும் சொல்றேன் கேளு. குடைப் பாவாடை தெச்சா முழு வட்டத்த ஒரே துண்டா நான் வெட்டறதே இல்ல. ரெண்டு அரை வட்டம். முழுசா வெச்சுட்டு மேசையில பொரட்டறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சு போகும். இதையும் ரெண்டாக்கிரு."

மௌனிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "புதுசுங்க்கா! வெட்டிப்போட்டா திருப்பி ஒட்ட முடியாது."

"ஒட்டறதுக்கா வெட்டறோம்?"

இருவரும் சாந்தாமணியைப் பார்த்தார்கள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெட்டு கண்ணு. பத்து நாளாச்சு நான் எறங்கி. நேத்து கனவுல கூட காலு தரையத் தேடுச்சு."

மௌனிகா உள்விட்டத்தை மூன்று இடத்தில் அளந்தாள். மூன்றும் மூன்று விதமாக வந்தன. தொட்டி சரியான வட்டமே இல்லை. எந்த அளவை நம்புவது என்று நோட்டில் கூட்டி மூன்றால் வகுக்கப் போனவள், பாதியில் நிறுத்திவிட்டு, கவரைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டுச் சுவரை ஒட்டியே வெட்டுவது என்று முடிவு செய்தாள். அதற்கு ஓர் ஆள் உள்ளே நின்று பிடிக்க வேண்டும். குல்சும் சுடிதாரோடு இறங்கினாள்.

"யா அல்லா! சீக்கிரம் வெட்டு மௌனி, நான் ஐஸாயிருவேன்."

"நேரா வருதுங்களா?"

"எனக்குக் கண்ணே தெரியல, நேரு கோணலெல்லாம் அப்புறம்!"

சுற்றி வந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு கவரை வெளியே இழுத்துப் போட்டு, நடுவில் கயிறு கட்டி, குறி போட்டு, இரண்டாக வெட்டினாள். கயிற்றை ஒட்டித்தான் போனாள். ஆனாலும் நடுவில் ஓரிடத்தில் கத்திரி வாய்க்கால் மாதிரி வளைந்துவிட்டது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி புள்ள" என்றாள் குல்சும், துண்டைப் போர்த்திக்கொண்டு. "மீன் வந்து குத்தம் சொல்லுமா?"

இரண்டு பாதிகளும் குமிழ்ப் பக்கம் கீழே இருக்க, தண்ணீரோடு ஒட்டிப் படுத்தன. காற்று மேலே தடவிக்கொண்டு போனதே தவிர அடியில் புகவில்லை. அன்றைக்கும் சனிக்கிழமையும் நல்ல வெயில். சனிக்கிழமை மாலை தெர்மாமீட்டர் 27 காட்டியது. மௌனிகா நம்பாமல் அதைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். 27 தான்.

ஞாயிறு காலை பாலுசாமி போனில் நேரம் வைத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் குல்சும். அவள் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம். தட்டுப்போரின் அளவைக்கூட அவர் காலையிலேயே எடுத்துவிட்டிருந்தார்.

சாந்தாமணி மேற்குப் பாதியின் வெட்டு விளிம்பில் ஒரு முனையைப் பிடித்தார், மௌனிகா மறு முனையை. இருவரும் சுவரோரமாக நடந்து, விளிம்பை இழுத்துக்கொண்டே மேற்குப் பக்கம் போக வேண்டும். கவர் தானாகப் பாதி மடியும். நாலாவது அடியில் மௌனிகாவின் பக்கம் தண்ணீர் ஏறிக் கனத்தது. அவள் ஒரு கையால் நோட்டைத் திருப்ப முயன்றாள்.

"நோட்ட வீசு அம்மணி! என்னையப் பாரு. நான் ஒரு எட்டு, நீ ஒரு எட்டு."

மௌனிகா நிமிர்ந்தாள். ஒரு எட்டு, ஒரு எட்டு. தண்ணீர் தானே வழிந்து இறங்கியது. மேற்குப் பாதி சுவர்மேல் சுருண்டு வந்தது. கிழக்குப் பாதி அதைவிட லேசாக வந்தது. இரண்டையும் தென்னை நிழலில் போட்டார்கள். வெயிலில் மடித்து வைத்தால் குமிழ் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதை மௌனிகா நோட்டைப் பார்க்காமலே சொன்னாள்.

"எத்தன நிமிஷமுங்க?" என்றார் சாந்தாமணி.

"நாலே முக்கால்" என்றார் பாலுசாமி, ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவர் போல.

சாந்தாமணி இறங்கினார். உடம்பு சிலிர்க்கவில்லை. "ஏனுங்க, வெந்நியாட்ட இருக்குது!" என்று கத்திவிட்டுக் கையை வீசினார். நடுவுக்கு வந்தார். கால் கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு மேலே வந்து தண்ணீரை உதைத்தது. இன்னும் ஆறு வீச்சு. எதிர்ச் சுவரை இரண்டு கையாலும் அடித்துப் பிடித்துக்கொண்டு, ஒரே சிரிப்பு. குல்சும் நாற்காலிமேல் ஏறிக் கைதட்டினாள். பாலுசாமி எழுந்து வந்து தண்ணீரில் விரல் வைத்தார். அதற்குள் சாந்தாமணி வாரி அடித்த தண்ணீரில் அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"அட, எனக்கும் சொல்லிக் குடு குல்சும்மா" என்றார்.

"கவர் எடுக்கறவங்களுக்குத்தான் அண்ணா கிளாஸு."

14 டிசம்பர் 2025, ஞாயிறு.

தண்ணீர் 27. கவரை எடுக்க இருவர், நாலே முக்கால் நிமிடம். அத்தை முழுதாகக் கடந்தார், மூன்று முறை. நடு வெட்டு கோணலாக இருக்கிறது; அதனால் ஒன்றும் ஆகவில்லை.

நாளை: ஆறே முக்காலுக்குக் கவரை எடுக்க வேண்டும். வெட்டு விளிம்பு இரண்டையும் துடைத்து, நிழலில் காயவைத்து, பட்டி தைக்கக் குல்சும் அக்கா கடையில் கொடுக்க வேண்டும்.