பதினெட்டு கிலோமீட்டர்

காலையில் தபால்களைப் பிரிக்கும்போதே தபால்காரரின் கண்ணில் பட்டுவிட்டது: தலைமை அலுவலக முத்திரையோடு அவர் பெயருக்கே ஒரு பதிவுத் தபால். இடது முழங்காலில் குண்டுச் சிதறலை வைத்துக்கொண்டு தினமும் பதினான்கு கிலோமீட்டர் நடக்க முடியவில்லை, கவுன்டரில் உட்கார வேலை கொடுங்கள் என்று ஏழு மாதம் முன்பு போட்ட மனுவுக்குப் பதில்.

"சார், இது எனக்கு வந்தது. இங்கயே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிறேனே."

போஸ்ட்மாஸ்டர் முத்திரை குத்துவதையே முடிசூட்டு விழா மாதிரி நடத்துகிறவர். தலை நிமிராமல் சொன்னார்: "விலாசம் வீட்டு விலாசம், ஜெனரல். அங்கதான் டெலிவரி. பட்டாளத்துல இருந்தவருக்கு ஒழுங்கை நான் சொல்லித் தரணுமா?"

போரில் அவர் வெறும் சிப்பாய். வீரப் பதக்கம் வாங்கியபின் ஊரார் ஜெனரல் ஆக்கினார்கள். செலவில்லாத பதவி உயர்வு.

வாய்க்கால் பாலத்தில் முழங்கால் மடங்க மறுத்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உறையைத் தடவிப் பார்த்தார். தடிமனாக இருந்தது. இல்லை என்று சொல்ல இவ்வளவு காகிதம் எதற்கு? மிச்ச வழி முழுக்க அந்தத் தடிமன்தான் அவரை நடத்திக்கொண்டு போனது.

கடைசி வீடு அவருடையது. கதவைத் தட்டினார்.

"திறந்துதானே கெடக்கு, என்ன புதுப் பழக்கம்?" என்றாள் மனைவி.

"பதிவுத் தபால்."

"யாருக்கு?"

"எனக்கு."

"வெயில் அதிகம்தான்."

வாசலில் நின்றபடியே ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திட்டு, கடிதத்தைத் தனக்குத் தானே பட்டுவாடா செய்துகொண்டார். மனைவி பிரித்துப் படித்தாள்.

"மனுதாரரின் பதக்கச் சான்றிதழைப் பரிசீலித்ததில், காலில் காயம்பட்ட பின்னரும் அவர் சக வீரரைத் தோளில் சுமந்து பதினெட்டு கிலோமீட்டர் நடந்தது தெளிவாகிறது. தற்போதைய தடம் பதினான்கு கிலோமீட்டர் மட்டுமே. தபால் பையோ மனிதரைவிட எடை குறைந்தது. எனவே மனு நிராகரிக்கப்படுகிறது."

பின்னால் சான்றிதழின் நகல், எட்டுப் பக்கம். தடிமன் அதுதான்.

"அந்த ஆளு பாதி வழியிலயே செத்துட்டாருன்னு சொன்னீங்களே. அதைப் போடலையா?"

"பதக்கம் குடுக்கறப்ப அதை எடுத்துட்டாங்க."

"அங்கயே இறக்கி வச்சிருந்தா இன்னைக்கு உக்காந்திருப்பீங்க."

அவர் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் பையை மாட்டினார்.

"திரும்ப எங்க?"

"ஒப்புகைச் சீட்டை அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல ஒப்படைக்கணும். இல்லன்னா நான் வாங்கலன்னு ஆயிடும்."