ஞானதுரைக்கு வராத முன்குறிப்பு

எங்கள் ஊரில் எது நடப்பதாக இருந்தாலும், குறைந்தது மூன்று நாள் முன்பே அதற்கான குறிப்பு சம்பந்தப்பட்ட வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதைத் தயாரித்து அனுப்புவது முன்குறிப்பு அலுவலகத்தின் வேலை. நான் அங்கே பதினெட்டு வருஷமாக உதவியாளராக இருக்கிறேன்.

கதை எழுதிப் பழகியவர்களைத்தான் இங்கே எடுப்பார்கள். முடிவு தெரிந்த பிறகு முன்பக்கத்துக்குப் போய், யாருக்கும் உறுத்தாமல் ஒரு வரியைச் செருகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் மகள் சொல்லாமல் கிளம்பப் போகிறாள் என்றால், வாசல் கதவைத் திறந்து வைப்பது கற்றுக்குட்டி வேலை. அவள் அம்மாவின் சமையலை முதல்முறையாகப் பாராட்டினால் போதும். அப்போதைக்கு அது வெறும் பேச்சு. நடந்து முடிந்த பிறகு, அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று வீட்டார் சொல்லிக்கொள்வார்கள். அதைச் சொல்ல முடிந்தவர்கள் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள்.

போன ஜூன் மாதம் சகாயராணி என்கிற பெண் வந்தார். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற அவர் கணவர் ஞானதுரை, இருபது நாளுக்கு முன் கடையில் வேலையாக இருக்கும்போதே இறந்துபோயிருந்தார். குறிப்பு எதுவும் வரவில்லை என்றார். தேடிப் பார்த்தேன். அந்தக் கோப்பு என் மேசையிலேயே, வேறொரு கோப்புக்குள் சிக்கிக் கிடந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஒன்றையேதான் கேட்கிறார்களாம். முந்தின வாரம் அவரிடம் ஏதாவது மாறுதல் இருந்திருக்குமே, நீ எப்படிக் கவனிக்காமல் விட்டாய் என்று. நாத்தனார் சகாயராணியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாளாம்.

பின்தேதியிட்டுக் குறிப்பு வைக்க விதியில் இடம் இருக்கிறது. கடைசிப் பதினான்கு நாளில் ஒரு நாளை உறவினர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், அதில் ஒரு சின்னக் காரியத்தைச் செருகிவிடுவோம். அது நடந்ததாகவே ஆகிவிடும். எல்லாருக்கும் ஞாபகமும் இருக்கும். சகாயராணி தந்த விண்ணப்பத்துக்குக் கண்காணிப்பாளர் தில்லைநாயகம் உடனே அனுமதி கொடுத்தார்.

கோப்பில் இருந்த பதினான்கு நாளையும் நான் சகாயராணிக்கு வாசித்துக் காட்டினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை, மீன் குழம்பில் புளி தூக்கல் என்று குறை சொல்லிவிட்டு ஞானதுரை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டிருந்தார். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டதாக வைக்கலாம் என்றேன். சகாயராணி யோசித்துவிட்டு, அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார், அதைக் கெடுக்க வேண்டாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை மின்சாரம் போய், இருவரும் சாயங்காலம் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஞானதுரை கொஞ்ச நேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாக வைக்கலாம் என்றேன். அவர் கொசுதான் அடித்துக்கொண்டிருந்தார் என்றார் சகாயராணி.

வியாழக்கிழமை சாவியைத் தொலைத்ததில் சண்டை. ஞானதுரை காரணமில்லாமல் மன்னிப்புக் கேட்டதாக வைத்தால் மிகவும் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். சொன்னேன்.

"சாவியத் தொலச்சது நான். அவர் எதுக்கு சார் மன்னிப்புக் கேக்கணும்?"

மீதி நாட்களையும் கேட்டார். ஒன்றிலும் பெரிதாக எதுவும் இல்லை. பால் திரிந்திருந்தது. ஒரு நாள் மழை. கடைசியில், குறிப்பு வைத்தபின் அந்த நாள் எப்படி ஆகும் என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். அது ஞானதுரையின் சாவுக்கு முந்தைய ஒரு நாளாக மட்டும் இருக்கும். புளி, கொசு எல்லாம் நினைவுக்கு வராது.

சகாயராணி விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கி நான்காக மடித்துக்கொண்டார்.

"பதினாலும் எனக்கு அப்படியே இருக்கட்டும். அவர் சொல்லாமத்தான் போனார்னு எழுதிக் குடுங்க."

அதற்கு எங்களிடம் படிவம் கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதி, தவறு என்னுடையது என்றும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். சகாயராணி அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனார். நாத்தனார் அதை வாசித்துவிட்டு உட்காரச் சொன்னாளாம். குழம்பில் நிஜமாகவே புளி கூடிப்போயிருந்ததா என்று கேட்டாளாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று மூன்று மணிக்கு எங்கள் அலுவலகக் கட்டடம் எழுந்து, தெற்கே போகிற சாலையில் நடந்து போய்விட்டது. மேசைகளும் நாங்களும் வெயிலில் இருந்தோம். அதற்கு முன்குறிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று தில்லைநாயகம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மூடினார். குடை வைத்திருந்தவர்கள் விரித்துக்கொண்டார்கள். ஐந்து மணிவரை வேலை பார்த்தோம்.