மாப்பிள்ளை வாட்சின் தோல் வார்

என் அப்பா அழகிரிசாமி கெட்டவர் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில் அவருக்கு நல்ல பேர் வராது. எனக்கும் வராது. வராவிட்டால் போகட்டும். என்னைக் காட்டி, வெங்கடலட்சுமி மாதிரி ஒரு பெண் உண்டா என்று சொந்தபந்தங்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கே குமட்டுகிறது.

1995 ஆவணியில் எனக்கு நிச்சயதார்த்தம். அப்போது எனக்கு வயது இருபத்தேழு. தொண்டாமுத்தூரில் வீடு, தோட்டம். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் ரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்கிற வேலை. இருபத்தேழு வயதில் கல்யாணமாகாமல் இருந்தால் எங்கள் நாயுடு வீடுகளில் அதை ஒரு வியாதி போலத்தான் விசாரிப்பார்கள். போதாக்குறைக்கு, இரண்டு வருஷம் முன்னால் பொள்ளாச்சி மாப்பிள்ளை ஒருவனுக்குப் பேசி, நாளும் குறித்த பிறகு அவர்கள் விலகிப் போயிருந்தார்கள். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாததால் ஊர் தனக்குப் பிடித்த காரணத்தை வைத்துக்கொண்டது. அதன் பிறகு வந்த வரன்கள் எல்லாம் சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுவிட்டுப் போனவைதான்.

உடுமலைப்பேட்டை ரங்கராஜ் மட்டும்தான் சரி என்று சொல்லி அனுப்பினார். தேங்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று அவர் மணிக்கட்டைச் சுற்றித் தடித்துச் சிவந்திருந்தது. காப்பித் தட்டை நீட்டும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அது என்னங்க கையில?"

"வாட்ச் செயின் ஒத்துக்கறதில்லீங்க. இரும்பு பட்டா அரிக்குது" என்றார். யாரிடமும் சொல்லாததைச் சொன்ன மாதிரி லேசாக வெட்கப்பட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா தன் கையால் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் தட்டு மாற்றுவது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தங்க நிறச் செயின் வைத்த வாட்ச்தான் சபைக்கு எடுப்பு என்றார் அப்பா. நான் தோல் வார்தான் என்று ஒற்றைக் காலில் நின்றேன். "நல்ல காரியத்துல போய்த் தோலா, செருப்பாட்ட" என்று அம்மா முணுமுணுத்தாள். அவருக்கு அரிக்கும் என்று சொன்னேன். அதற்குள்ளேயே அவருக்காகப் பேசுகிறாள் பார் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாட்சை நசுருதீன் கடையில் வாங்கினேன். கடைவீதிப் பக்கத்துச் சந்தில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத கடை. எங்கள் கிளினிக் கடிகாரங்களை அவர்தான் ரிப்பேர் பார்ப்பார். நாலு வருஷப் பழக்கம். வாட்சைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பத்து நிமிஷம் போதுமாக இருந்தது. வாருக்கு மூன்று சாயங்காலம் ஆனது. கட்டம் போட்டது சினிமா வில்லன் கட்டுவது மாதிரி இருக்கிறது என்றேன், கறுப்பு வேண்டாம் என்றேன், சிவப்பு கலந்த பழுப்பு வேண்டாம் என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

"இதை வளைச்சுப் பாருங்க அம்மணி. வளைச்ச எடத்துல வெள்ளையாக் கீறல் விழுந்தா மேல சாயம், உள்ளார அட்டைன்னு அர்த்தமுங்க. இதைப் பாருங்க, வளைச்சாச் சுருக்கம் விழுது, விட்டா மறைஞ்சிருது. இதுதான் தோலு." ஓரத்தை வெளிச்சத்தில் காட்டினார். "ரெண்டு துண்ட ஒட்டுனாப்ல ஓரம் தெரிஞ்சா வாங்காதீங்க. வேர்வையில பிரிஞ்சுக்கும்."

"பக்கிள் இரும்பாச்சே பாய், அது அரிக்காதுங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மெல்லிய தோல் துண்டு ஒன்றை நறுக்கி, பக்கிளுக்கு அடியில் வைத்துத் தைத்துக் கொடுத்தார். இனி இரும்பு கையில் படாது. அதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை.

"கட்டையா இருக்குதுங்களே" என்றேன்.

"புதுசு அப்படித்தானுங்க இருக்கும். கட்டக் கட்ட அவரு கைக்குத் தக்கன வளைஞ்சுக்கும். அவசரப்படக் கூடாது. தண்ணி படக் கூடாது, எண்ணெய் ஆகவே ஆகாது, வெயில்ல வெக்காதீங்க. வேர்த்தா மெல்லுசுத் துணியில தொடச்சு நெழல்ல வெக்கச் சொல்லுங்க. ஒரு வெரல் போற மாதிரி தளர்வாக் கட்டோணும்."

அத்தனையையும் ஒரு சீட்டில் எழுதி, மடித்து, மாப்பிள்ளை படிக்கட்டும் என்று பெட்டிக்குள் வைத்தேன். என் அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவர் அதைத் தொடுவார் என்று யார் கண்டது.

நிச்சயத்தன்று காலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். குப்பென்று விளக்கெண்ணெய் வாசம். நான் எழுதி வைத்த சீட்டு மடித்தது மடித்தபடியே கிடந்தது. வெளிர் பழுப்பு வார் கரித்துணி நிறத்தில் கிடந்தது. அப்பா பின்னால் வந்து நின்றார், முகமெல்லாம் பெருமை.

"கட்டையாட்டம் இருந்துது கண்ணு. மாப்பிள்ள கையக் கடிச்சுப்போடுமேன்னு நேத்து விளக்கெண்ணெய் தடவி வெயில்ல வெச்சேன். அப்புறம் பொழுதுக்கும் நானே கட்டிட்டுத் தோட்டத்துல சுத்துனேன். இப்பத் தொட்டுப் பாரு, வெண்ணெயாட்டம் இருக்குது."

கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் தண்ணீர் மொள்ளும் தோல் பறிக்கு அப்படித்தான் செய்வார்கள். எண்ணெய் தடவி, வெயிலில் காட்டி, கசக்கி இளக்கினால்தான் தோல் வெடிக்காமல் உழைக்கும். மாட்டுக் கழுத்து வாருக்கும் அதே வைத்தியம். மோட்டார் வந்து எத்தனையோ வருஷமாகியும் அப்பாவுக்குத் தோல் என்றால் விளக்கெண்ணெய்தான். ஆசையாகத்தான் செய்தார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"உங்கள யாருங்கப்பா தொடச் சொன்னது?" என்று கத்தினேன். அம்மா ஓடிவந்து, விடிந்ததும் விடியாததுமாகக் கத்துகிற சத்தம் கேட்கக் கூடாது என்று என் வாயைப் பொத்தினாள். அந்த நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? ஒன்பது மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். முகப் பவுடரைக் கொட்டி, பழைய சேலைத் துணியால் வாரைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். பார்வைக்குச் சுமாராகத் தேறியது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன மண்டபம். அப்பா மாப்பிள்ளைக்கு வாட்சைக் கட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ரங்கராஜின் சந்தன நிறப் பட்டுச் சட்டைக் கையில் காசளவு கறை தெரிந்தது. பிறகு அது விரிந்தது. அவருடைய அம்மா ராசாத்தாள் மகன் கையைத் தன் மடிக்கு இழுத்து, வாரைத் தடவி, விரலை மோந்து பார்த்தாள்.

"ஏனுங்க சம்பந்தி, இது புதுசுங்களா?"

"புதுசுதானுங்க" என்றார் அப்பா.

"புதுசுங்கறீங்க, கடைசி ஓட்டை இழுத்துக் கெடக்குது. எம்பையனுக்கு மூணாவது ஓட்டையே லொடலொடங்குது. இதை யாரோ தடிச்ச கைக்காரங்க கட்டியிருக்கறாங்க."

பக்கத்தில் அவளுடைய தம்பி லட்சுமணசாமி. அந்த ஆளுக்குச் சபை என்றால் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். "பொள்ளாச்சிக்காரனுக்கு வாங்கி வெச்சிருந்ததத் தூக்கி எங்க பையனுக்குக் கட்டிப்போட்டீங்களாக்கும்" என்றார்.

மண்டபத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பொள்ளாச்சி என்ற பேர் அங்கே விழுந்த பிறகு, நான் ஒருத்தனுக்கு நிச்சயித்து மிஞ்சிய பண்டம், வாட்சும் அப்படித்தான். இது கலைந்தால் அடுத்தது என்று ஒன்று கிடையாது. அது எனக்கும் தெரியும், அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

நான் அப்பாவைப் பார்த்தேன். எண்ணெய் தடவியது நான்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். ஆனால் முன் வரிசையில் மில் முதலாளி வீட்டுச் சொந்தங்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாட்சைத் தண்ணீர்ப் பறி மாதிரி எண்ணெய் போட்டுக் கசக்கிய பட்டிக்காட்டான் என்று அவர்கள் சிரிப்பதை அவரால் தாங்க முடியாது. தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"கடைக்காரன் ஏமாத்திப்போட்டானுங்க. பாய் கடை. அம்மணி தனியாப் போச்சா, பழசக் குடுத்து அனுப்பிப்போட்டான். அப்படித்தான கண்ணு?"

என் நகக்கண்ணில் அந்தப் பவுடர் இன்னும் ஒட்டியிருந்தது.

"ஆமாங்கப்பா" என்றேன்.

மண்டபம் மூச்சு விட்டது. அதானே, அவங்க கடையில போய் வாங்கலாமா என்று நாலு பக்கமும் குரல் கேட்டது. இவ்வளவு சுலபமாக ஒரு குற்றவாளி கிடைப்பான் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பில் இருக்கிறது என்று அம்மா எடுத்து நீட்டினாள். லட்சுமணசாமி அதைக் கையில்கூட வாங்கவில்லை. "பில்லுல தேதி போடறது பேனாதானுங்க. நேரா அவன் கடைக்கே போலாம். அவன் வாயால ஒத்துக்கட்டும். புதன்கெழம, பன்னெண்டுக்குத்தான் ராகு காலம். அதுக்குள்ள வந்து தட்டு மாத்திக்கலாம். ஒத்துக்கலீன்னா நாங்க அப்படியே உடுமலைக்கு வண்டி ஏறிக்கறோம். வாங்குன அம்மணியும் கூட வரட்டும்."

இரண்டு கார்களில் போனோம். பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக நான், ரங்கராஜ், அப்பா, லட்சுமணசாமி, அவரோடு மூன்று ஆண்கள். கடைக்குள் இடம் போதாமல் பாதிப் பேர் படியில் நின்றார்கள். லட்சுமணசாமி வாட்சைக் கண்ணாடி மேசை மேல் விட்டெறிந்து, "பழசக் குடுத்து ஏமாத்தறியா?" என்றார்.

நசுருதீன் வாரைக் கையில் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். பக்கிளுக்கு அடியில் தான் தைத்த துண்டைப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அம்மணி, இதுல எண்ணெய் ஏதாச்சும் பட்டுதுங்களா?"

"இல்லீங்க."

குரல் நடுங்காமல் சொன்னேன். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரங்கராஜ் சுவரில் மாட்டியிருந்த கடிகாரங்களை விலைக்கு வாங்க வந்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடையிலிருந்தும் தையல் கடையிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து என்ன விஷயம் என்று கேட்டார்கள். படியில் நின்ற ஒருவர் அவர்களுக்கு விளக்கமாகச் சொன்னார்.

நசுருதீன் வாசலை ஒரு தடவை பார்த்தார். "எம்மேலதானுங்க தப்பு" என்றார். "பழைய வார் ஒண்ணு கலந்துபோச்சாட்டம் இருக்குது. மன்னிச்சுக்கோங்க."

புது வார் ஒன்றை எடுத்து மாட்டினார். மாட்டியவர், யாரும் கேட்காமலே, பக்கிளுக்கு அடியில் ஒரு தோல் துண்டை வைத்துத் தைத்தார். ஊசி இரண்டு தடவை வழுக்கி அவர் விரலில் ஏறியது. காசு வாங்கவில்லை. லட்சுமணசாமி கொடுக்கவும் இல்லை.

பதினொன்றே முக்காலுக்குத் தட்டு மாற்றினார்கள். பந்தியில் லட்சுமணசாமி ஒவ்வொரு இலையாகப் போய், பாய் கடையில் தான் எப்படி உண்மையை வரவழைத்தார் என்பதைச் சொன்னார். அப்பாவும் பாயசம் பரிமாறிக்கொண்டே தலையாட்டினார். அடுத்த மாதத்துக்குள் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் அந்தச் சந்துப் பக்கம் போவதில்லை என்று ஆகிவிட்டது. எங்கள் கிளினிக் கடிகாரத்தைக்கூட வேறு கடைக்கு அனுப்பினார்கள். அனுப்பச் சொல்லிச் சீட்டு எழுதியதும் நான்தான்.

கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. ரங்கராஜ் நல்ல மனிதர்தான். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அவர் மணிக்கட்டில் தடிப்பு இல்லை. உடுமலையில் நான் நன்றாகத் தின்றேன், நன்றாகத் தூங்கினேன். நான் எப்படித் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நசுருதீன் என்னைப் பார்த்த பார்வையை நான் ஒரு கதையாகக் கட்டி வைத்திருந்தேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாது என்று அந்த மனிதர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், அவர் பெரிய மனசுக்காரர், அவர் மனசார என்னை மன்னித்துவிட்டார். இந்தக் கதை எனக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது.

தை பிறந்து அம்மா வீட்டுக்கு வந்தபோது, மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அந்தக் கடைக்குப் போனேன். மத்தியான நேரம், ஆள் இல்லை. அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு வாட்சைப் பிரித்து வைத்திருந்தார். லென்ஸைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

"வாங்கம்மணி. நல்லா இருக்கறீங்களா?"

பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு நீங்க என்னையக் காப்பாத்துனீங்க பாய். உங்க மனசு யாருக்கும் வராதுங்க. நான் செஞ்சது பெரிய தப்பு."

அவர் கையிலிருந்த லென்ஸைத் துடைத்து மேசை மேல் வைத்தார். பிறகு, வாடிக்கையாளருக்கு விலை சொல்கிற அதே நிதானமான குரலில் சொன்னார்.

"நான் உங்களக் காப்பாத்தலீங்க. கடையில அஞ்சாறு ஆளு, வெளிய அம்பது பேரு கூடிட்டாங்க. கல்யாணப் பொண்ணு பொய் சொல்லுதுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தக் கடை இருந்திருக்குமுங்களா? எனக்கு ரெண்டு புள்ளைங்க. பயந்துபோய்ச் சொன்னேனுங்க. அவ்வளவுதான்."

"நான் அவங்ககிட்ட உண்மையச் சொல்லிப்போடறேனுங்க" என்றேன்.

"வேண்டாமுங்க." அப்போதுதான் அவர் குரல் மாறியது. "சொன்னீங்கன்னா, எங்க ஊட்டுப் பொண்ணுகிட்ட நீ என்னடா சொல்லிக் குடுத்தேன்னு கேட்டுட்டு மறுபடியும் இங்கதான் வருவாங்க. இருக்கறாப்லயே இருக்கட்டும். நீங்க போங்கம்மணி. தனியா இங்க நிக்கறத யாராச்சும் பாத்தா அதுக்கும் நாந்தான் பதில் சொல்லோணும்."

படியிறங்கி வந்துவிட்டேன். ரங்கராஜிடம் இன்றுவரை சொல்லவில்லை. அப்பா சாகும்வரை அவரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நசுருதீன் வேண்டாம் என்றாரே, அவருக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டேன். அதுவும் பொய்தான்.