நீலமாக மாறும் கட்டு

பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் அவள் உருவாக்கியது ஒரு காயக்கட்டு. புண்ணுக்குள் சீழ் பிடிக்கத் தொடங்கினால், வெளியே எதுவும் தெரிவதற்கு முன்பே அந்தக் கட்டு நீலமாக மாறிவிடும். சர்க்கரை நோயில் அக்காவின் பாதங்கள் மரத்துப்போயிருந்தன. அவளை நினைத்துத்தான் இந்த வேலையில் இறங்கினாள்.

ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது, கைதட்டினார்கள், அதோடு சரி. அப்போதுதான் பக்கத்து ஆய்வகத்து நண்பன் வந்து நின்றான். அவனை எல்லோரும் வாயாடி என்றே கூப்பிடுவார்கள்.

"நாமளே ஒரு ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கலாம். நீ கட்டைப் பாரு, மத்தவங்ககிட்ட பேசுறத என்கிட்ட விட்டுடு."

பல்கலைக்கழகம் கட்டைத் தயாரிக்கும் உரிமையை அவர்கள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. ஓர் அச்சகத்தின் மாடியில், கீழே இயந்திரங்கள் தடதடக்க, இருவரும் கலவையை மெல்லிய படலமாக வார்த்து, காயவைத்துக் கட்டுகள் செய்தார்கள். மருத்துவமனையில் சோதனை நடந்தபோது அக்காவும் சேர்ந்துகொண்டாள். ஒருநாள் அவள் குதிகாலில் இருந்த கட்டு நீலமானது. டாக்டர் உடனே சுத்தம் செய்தார். கால் தப்பியது.

"எனக்கே தெரியல, உன் கட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. என்னைவிட உஷாருடி அது!" என்று அக்கா சிரித்தாள்.

நிறையத் தயாரிக்கத் தொழிற்சாலை வேண்டும். அது இருவரால் ஆகிற காரியமில்லை. கட்டுத்துணி விற்கும் பெரிய நிறுவனம் ஒன்று கம்பெனியை மொத்தமாகக் கேட்டது. "அவங்க கைக்குப் போனா எல்லா ஊருக்கும் போய்ச் சேரும்" என்றான் வாயாடி. அவளும் அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாள். கைவசம் இருந்த கட்டுகளையும் வார்க்கும் கருவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மாதங்கள் ஓடின. ஒன்றும் வெளிவரவில்லை. நேரில் போய்க் கேட்டாள்.

நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். "எங்க கட்டை தினமும் மாத்தணும். உங்களுது நீலமானா மட்டும் மாத்தினா போதும். எங்க வியாபாரத்துக்கு நாங்களே குழி வெட்டிக்க முடியுமா, சொல்லுங்க?"

"அப்புறம் எதுக்கு வாங்கினீங்க?"

"வேற யாரும் வாங்கிடக் கூடாதுன்னுதான்."

அவளே செய்துகொள்ளவும் ஒப்பந்தம் இடம் தரவில்லை. அக்காவுக்கு மறுபடி புண் வந்தபோது, எது வந்தாலும் வரட்டும் என்று ஆய்வகத்தில் கலவையைக் காய்ச்சினாள். கருவி இல்லாமல் கையால் வார்த்த படலம் எடுக்க எடுக்கக் கிழிந்தது. அவள் போராடிக்கொண்டிருக்கும்போதே அத்தான் போன் செய்தார். "முழங்காலுக்குக் கீழ எடுத்தே ஆகணும்னு சொல்லிட்டாங்கம்மா."

அறுவை முடிந்து கண் விழித்த அக்கா அவளைக் குறை சொல்லவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்த மழைக்காலத்தில் பல்கலைக்கழகம் அவளைப் பேச அழைத்தது. ஆராய்ச்சி எப்படிப் பொருளாகிறது என்பதற்கு அவள்தான் உதாரணமாம். துறைத்தலைவர் விடவில்லை, போனாள். பேசி முடித்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"எங்க அப்பாவுக்கு வேணும் மேடம். எந்தக் கடையில கிடைக்கும்?"

"எங்கயும் கிடைக்காதும்மா."

துறைத்தலைவர் நன்றி சொல்லி, அடுத்துப் பேச வேண்டியவரை மேடைக்கு அழைத்தார்.