ஒரு பறைக்கு இரண்டு பேர்

பரிதாபப்பட்டு யாராவது என்னைப் பார்க்க வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பெயர் இனியவன். பெயருக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை. பக்கவாதம் வந்து இடது கை விழுந்த பிறகு ஊரில் பாதிப் பேர் ஆரஞ்சுப் பையோடு வந்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அதனால் ஜோசப் ஆனந்தும் நிர்மலாதேவியும் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது "வாங்க" என்றுகூட நான் சொல்லவில்லை.

நாங்கள் மூவரும் சேர்ந்ததுதான் 'கருவாட்டுக் கூட்டணி'. தெம்மாங்கை எலெக்ட்ரிக் கிட்டாரில் போட்டுத் தொண்டை கிழியக் கத்துகிற கூட்டம். ஃபோக் பங்க் என்பான் ஜோசப். பேய்க்கூச்சல் என்பாள் என் அம்மா. அவன் கிட்டார், நிர்மலா பாட்டு, நான் பறை. அவன் பிரான்சுக்கு வேலைக்குப் போனதும் எல்லாம் கலைந்து பன்னிரண்டு வருஷமாகிறது. இப்போது லீவில் வந்திருக்கிறான். வைத்திக்குப்பத்துப் பையன்கள் கடற்கரையில் மேடை போட்டுத் தருகிறார்களாம்.

"வேற ஆளப் பாருங்க. பறைக்கு ரெண்டு கை வேணும்," என்றேன்.

அது நிஜம். வலது கையில் குட்டையான தடித்த குச்சி, இடது கையில் நீளமான மெல்லிய குச்சி. இரண்டும் சேர்ந்து விழுந்தால்தான் அடி. ஒன்று மட்டும் விழுந்தால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். இனிமேல் மேடை இல்லை என்று எப்படியோ மனதைத் தேற்றி வைத்திருந்தேன். அதைக் கிளற வந்துவிட்டார்களே என்று ஆத்திரமாக இருந்தது.

நிர்மலா நேரே உள்ளே வந்தாள். சுவரில் தொங்கிய பறையை எடுத்துப்போய் மாடியில் பழைய பேப்பரைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினாள். கொண்டுவந்து என் தோளில் மாட்டினாள். பிறகு என் இடப்பக்கம் நின்று மெல்லிய குச்சியை எடுத்துக்கொண்டாள்.

"அதக் கீழ வெய்யி."

"வெக்க மாட்டேன். சோத்தாங்கைய நீ பாத்துக்க, பீச்சாங்கைய நான் பாத்துக்கறேன்."

"உனக்கு அடிக்கத் தெரியாது."

"நாலு மாசமா கொழம்புச்சட்டி மூடில தட்டிப் பழகறேன். எங்க வூட்டுக்காரு காதுல பஞ்சு வெச்சிக்கினு திரியறாரு. அடி."

அடித்தேன். அவள் குச்சி பிசகியது. மறுபடி அடித்தேன். இந்த முறை சரியான இடத்தில் விழுந்தது. அவளுக்கு என் அடி அத்தனையும் மனப்பாடம். ஜோசப் கிட்டாரை உறையிலிருந்து எடுக்க மறந்து நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படகுகளுக்கு நடுவே மேடை ஏறினோம். மீன் விற்று முடித்த பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நிர்மலா என்னை ஒட்டி நின்று பாடிக்கொண்டே அடித்தாள். வேகமான பாட்டில் மூச்சு வாங்கியதால் அவள் கை பின்தங்கியது. முன்பெல்லாம் யாராவது பின்தங்கினால் மேடையிலேயே முறைப்பேன். அன்று என் கை தானாகவே நிதானித்து அவளுக்காகக் காத்திருந்தது.

பாட்டு முடிந்ததும் விசில் பறந்தது. என் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டு அவள் என் காதருகே சாய்ந்தாள்.

"கை வலிக்குதா? நிறுத்திக்கலாமா?"

"வலிக்கல. நீ வரலன்னா இந்நேரம் செவுத்தப் பாத்துக்கினு கெடந்திருப்பேன். நீ எனக்குச் செஞ்சது பெரிசு நிர்மலா."

"மைக்கு ஆன்ல இருக்குது," என்றாள்.

குப்பம் முழுக்கக் கேட்டிருக்கிறது. கேட்டால் கேட்கட்டும் என்று மைக்குக்கு இன்னும் கிட்டப் போய் அதையே மறுபடியும் சொன்னேன்.