எந்நாளும் பச்சைப் பட்டை

பளுதூக்கும் கூடத்து மாஸ்டர் ஒரு கருத்தரங்குக்குப் போனார். பெண்களின் உடம்பைப் பற்றி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முழுக்கத் தெரிந்துகொண்டு திரும்பினார். மறுநாளே கூடத்துப் பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு மணிக்கட்டுப் பட்டைகள் வந்தன. மாதவிலக்கு நாட்களில் சிவப்பு. வெறும் கம்பியைத்தான் தூக்கலாம். மற்ற நாட்களில் பச்சை, எடை ஏற்றிக்கொள்ளலாம்.

சிவப்பு கட்டினால் உட்கார்ந்து கதை பேசலாம் என்று புரிந்ததும் கூடமே சிவந்துபோனது. எடைத் தட்டின் ஓட்டையில் ஒரு சிலந்தி வலை கட்டி, பிள்ளை பெற்று, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்துவைத்தது.

எடையை விடாமல் தூக்கியவள் கிரேன் என்று எல்லோரும் கூப்பிடும் ஒருத்திதான். போன வருஷம் அணியில் மயிரிழையில் இடம் தவறியவள். இந்த வருஷத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அவள் வயிறு கொஞ்சம் முனகும். கம்பி கைக்கு வந்தால் அதுவும் வாயை மூடிக்கொள்ளும். ஆகவே மாதம் முழுக்கப் பச்சையிலேயே காலம் தள்ளினாள்.

மாஸ்டர் கவனித்தார். விரல் விட்டுக் கணக்குப் போட்டார். ஒரு மாலை நேராக அவள் வீட்டுக்கே வந்து மாமியாரிடம் கைகூப்பினார்.

"வாழ்த்துகள்மா! பாட்டியாகப் போறீங்க. இனி இவ எடையைத் தொடக்கூடாது."

"ஐயோ அத்தை, அதெல்லாம் ஒண்ணுமில்ல!"

"வெக்கப்படறா," என்றார் மாஸ்டர்.

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என் மகன் கப்பலேறிப் போய் ஒரு வருஷமாச்சு. போன வாரம் இவ வெந்நீர்ப் பை கேட்டா, நான்தான் வெச்சுக் கொடுத்தேன். போய் வேற வேலையப் பாருங்க."

மாஸ்டர் கிரேன் பக்கம் திரும்பினார். "அப்போ சிவப்புலயா அவ்வளவு எடை தூக்கினே? முடியாதே!"

"தூக்கினேனே சார்."

"முடியாதும்மா. கருத்தரங்குல சொன்னாங்க. தேர்வன்னிக்கு நிஜப் பச்சைன்னாதான் மேடை."

தேர்வன்று காலை, சொல்லிவைத்தாற்போல் அவளுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. மேடைப் படியில் மாஸ்டர் குறுக்கே நின்றார்.

"என்னம்மா, பச்சைதானே?"

"இல்ல சார், பீரியட்ஸ். இன்னைக்குத்தான் முதல் நாள். நகருங்க!" அரங்கம் முழுக்கக் கேட்டது. தேர்வாளர்கள் மூவரும் கூரையை ஆராய்ந்தார்கள். மாஸ்டர் வெட்கத்தில் துள்ளி ஒதுங்கினார். கிரேன் தூக்கிய வேகத்தில் பக்கத்தில் நின்ற தேர்வாளர் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது. அணியில் அவளுக்கு இடம் கிடைத்தது.

மாலையே மாஸ்டர் எல்லோரையும் கூட்டினார். "முதல் நாள்தான் உச்ச பலம். கண்டுபிடிச்சுட்டேன். அடுத்த போட்டியன்னிக்கு எல்லாருக்கும் முதல் நாளா இருக்கணும்."

"ஒரே நாள்ல எல்லாருக்கும் எப்படி சார் வரும்?" என்றாள் கிரேன்.

"அதுக்குத்தானேம்மா பயிற்சி," என்றார் மாஸ்டர்.